விசாரணைக்குப் போகும் முன்: மாற்றுத்திறனாளி உதவித்தொகை மேல்முறையீட்டுக்கு ஆயத்தம்

(கொல்லிமலை, ஆலத்தூர் நாடு ஊராட்சியில் மாற்றுத்திறனாளிகளிடமும் அவர்களது குடும்பத்தாரிடமும் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

மேட்டு வீடுகளில் இருந்து நடந்து வந்த பெரியவங்களுக்கும், பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கிற தாய்மார்களுக்கும் தனியா ஒரு வணக்கம். இந்தப் பேச்சைப் பிறகு கைப்பேசியில் படிக்கப் போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

இன்னைக்கு ஒரே ஒரு விஷயம். உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சீங்க, "நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வந்துவிட்டது. அல்லது மருத்துவர் குழு கொடுத்த சதவீதம் உங்களுக்குச் சரியாகப் படவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னாங்க. சரி, அந்த விசாரணைக்கு எப்படி ஆயத்தம் ஆவது? என்ன கொண்டு போவது? அங்கே என்ன பேசுவது?

இது சின்ன விஷயம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயில் இருந்து 1,500 ஆனது. 2,000 என்றால் வருடத்துக்கு 24,000. படுக்கையில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா கூலி வேலைக்கே போகாமல் வீட்டில் இருக்கிறாங்க என்றால், அந்த வீட்டுக்கு இந்தப் பணம்தான் அரிசியும் மருந்தும். அதனால், ஒரு தாளில் நாலு வார்த்தை எழுதி மறுத்துவிட்டாங்க என்பதற்காக விட்டுவிடக் கூடாது. அதே நேரம், மேலே போவதென்றால் சரியாகப் போகணும்.

முதலில்: உங்களுக்குக் கிடைத்தது எந்த மறுப்பு?

நம்ம ஆட்கள் "எனக்குப் பணம் வரலை" என்று ஒரே வரியில் சொல்வாங்க. ஆனால் மறுப்பு இரண்டு வகை. இரண்டுக்கும் கதவு வேற வேற.

ஒண்ணு, மருத்துவச் சான்று பற்றியது. "ஊனம் இல்லை" என்றோ, குறைவான சதவீதம் போட்டோ சான்று வந்திருக்கும். இது ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட முடிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்று ஒரு சட்டம் இருக்கு. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கு. அதன் 59-வது பிரிவு, சான்று வழங்கும் அதிகாரியின் முடிவு சரியில்லை என்று நினைப்பவர், மாநில அரசு நியமித்திருக்கிற மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்கிறது.

இரண்டு, திட்டம் பற்றியது. சான்று சரியாகவே இருக்கும். ஆனால் "வயது பொருந்தவில்லை", "வேறு உதவித்தொகை பெறுகிறார்", "ஆதரவு இருக்கிறது", "நேரில் விசாரித்தபோது ஆள் இல்லை" என்று அலுவலகம் மறுத்திருக்கும். ஓய்வூதிய விண்ணப்பத்தை வட்டாட்சியர் அலுவலகம் மறுத்தால் அடுத்த படி வருவாய்க் கோட்டாட்சியர். நமக்கு மறுப்பு வருவது செம்மேட்டில் இருந்து, மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியது நாமக்கல். பராமரிப்பு உதவித்தொகை என்றால் நாமக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கே கிடைக்கும் பதிலும் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள மாநில ஆணையர்.

ஏன் இதைப் பிரிச்சுச் சொல்கிறேன் என்றால், சதவீதம் குறைவு என்று வட்டாட்சியரிடம் போய் அழுதால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சதவீதம் போடுவது அவர் வேலை இல்லை. அதேபோல, "ஆதரவு இருக்கிறது" என்று மறுத்ததற்காக மறுபடியும் டாக்டரிடம் போய் வரிசையில் நின்றாலும் பயன் இல்லை. 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் விட்டுவிட்டு, தப்பான கதவைத் தட்டிட்டு வருவதுதான் மிச்சம்.

இன்னொண்ணும் இங்கேயே சொல்லிடறேன். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பீங்க. 1100-க்கு போன் போட்டுப் புகார் பதிவு செய்வீங்க. இரண்டும் நல்லதுதான், செய்யலாம். ஆனால் அது மேல்முறையீடு ஆகாது. மேல்முறையீட்டுக்குக் கெடு ஓடிக்கிட்டே இருக்கும். "நான்தான் கலெக்டரிடம் மனு கொடுத்தேனே" என்று காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீங்க. உத்தரவில் கெடு போட்டிருக்கும். போடவில்லை என்றால் எழுதிக் கேளுங்க. எதற்கும் முப்பது நாளைத் தாண்ட விடாமல் மனுவைக் கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிடுங்க.

மறுத்த காரணத்தைத் தேடிப் பிடியுங்கள்

இந்தப் பேச்சில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்க: விசாரணையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது உத்தரவில் எழுதியிருக்கிற காரணத்துக்கு. உங்கள் வாழ்க்கை முழுவதையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை.

காரணம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. வாய்மொழியா "உங்களுக்கு வராதும்மா" என்று சொல்லி அனுப்பினால், அது உத்தரவு இல்லை. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரணும் என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்லுது. "ஐயா, எழுத்துல குடுங்க" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்க. கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வரணும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்று சான்று காட்டினால் அந்தக் கட்டணமும் கிடையாது. "என் விண்ணப்பத்தின் மீதான குறிப்புகளின் நகலும், மருத்துவர் குழு என்னைப் பரிசோதித்து எழுதிய மதிப்பீட்டுத் தாளின் நகலும் தரவும்" என்று கேட்டால் போதும்.

அந்த மதிப்பீட்டுத் தாள் முக்கியம். சதவீதம் மட்டும் தெரிந்தால் எங்கே குறைந்தது என்று தெரியாது. எந்தப் பரிசோதனை செய்தாங்க, எதைச் செய்யவில்லை என்று அதில்தான் தெரியும்.

எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு சதவீதம் என்பதையும் தெரிஞ்சுக்கங்க. வருவாய்த் துறை மாநில ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80. பராமரிப்பு உதவித்தொகையில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் பிரிவுக்கு 75. ஒருத்தருக்கு 60 சதவீதம் சான்று இருக்கு, 75 கேட்கிற பிரிவில் விண்ணப்பிச்சு மறுப்பு வாங்கியிருக்கார் என்றால், அவர் மேல்முறையீட்டுக்கு அலைவதை விட 40 சதவீதம் போதும் என்கிற திட்டத்தில் புதிதாக விண்ணப்பிப்பதுதான் நல்லது. எல்லா மறுப்புக்கும் மருந்து மேல்முறையீடு இல்லை.

சதவீதம் குறைந்தது எப்படி?

இதில் மூணு இடத்தைப் பாருங்க.

முதலாவது, பரிசோதனை விட்டுப்போவது. காது கேளாமைக்கு ஆடியோகிராம் வேணும். அறிவுசார் குறைபாட்டுக்கு அறிவுத்திறன் பரிசோதனையும், பிள்ளை தானாகச் சாப்பிடுதா, துணி போட்டுக்குதா என்கிற அன்றாடத் திறன் மதிப்பீடும் வேணும். மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்கிற மதிப்பீடு இருக்கு. தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவது புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நாலு தலைப்பில் கேட்பாங்க. நோயாளி மட்டும் போய் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிட்டு வந்தால் மதிப்பெண் என்ன வரும்? கூட வாழ்கிற ஒருத்தர் போய்ச் சொல்லணும்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேல் குறைபாடு இருந்தும் ஒன்றை மட்டும் பார்த்திருப்பது. வழிகாட்டுதலில் இரண்டையும் சேர்க்க ஒரு கணக்கு இருக்கு. அப்படியே கூட்ட மாட்டாங்க. பெரிய சதவீதத்தை அப்படியே எடுத்துக்குவாங்க. 90-ல் இருந்து அதைக் கழிச்சு, மிச்சத்தைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரியதோடு சேர்ப்பாங்க. ஒருத்தருக்குக் காலில் 35, காதில் 20 என்று வைங்க. 90-ல் 35 போனால் 55. இருபது பெருக்கல் 55, அதாவது 1,100. அதை 90-ஆல் வகுத்தால் 12. ஆக 35-உம் 12-உம் சேர்த்து 47. காலை மட்டும் பார்த்தால் அவருக்கு 35, ஓய்வூதியம் கிடையாது. காதையும் சேர்த்துப் பார்த்தால் 47, 40-ஐத் தாண்டிட்டார். "இரண்டு குறைபாடும் மதிப்பிடப்படவில்லை" என்பது மேல்முறையீட்டுக்கு நல்ல, தெளிவான காரணம்.

மூணாவது, குறைபாட்டின் வகையே தெரியாமல் இருப்பது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைதான். இப்போதைய சட்டத்தில் 21 வகை. தசைச்சிதைவு, குள்ளத்தன்மை, அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர், ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கில் செல் ரத்த நோய் எல்லாம் அதில் இருக்கு. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பது இப்போ பதில் ஆகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். மேல்முறையீட்டில் மறுபடி பரிசோதிக்கச் சொன்னால் சதவீதம் கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். அதனால் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்து, எதோ ஒன்று விட்டுப்போயிருக்கு என்று தெரிந்த பிறகு போங்க. "எல்லாருக்கும் கூட்டிக் கொடுத்தாங்களாம்" என்ற பேச்சை நம்பிப் போகாதீங்க. பணம் கொடுத்தால் சதவீதம் ஏத்தித் தருகிறேன் என்று வருகிற தரகரை வாசலோடு அனுப்பிடுங்க. பொய்யாக இந்தச் சலுகையைப் பெற்றால் சட்டத்தின் 91-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது தரகர் இல்லை, நீங்கள்.

ஒரு பக்கம் எழுதுங்கள்

விசாரணைக்குப் போகிற எல்லாரும் ஒரு பக்கம் எழுதிக்கணும். தமிழிலேயே, கையால் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவங்க பள்ளிக்கூடம் போகிற பேரன் பேத்தியை எழுதச் சொல்லுங்க. ஐந்து விஷயம்:

1. நான் யார், எந்த ஊர், விண்ணப்ப எண், யு.டி.ஐ.டி. அட்டை எண்.
2. எந்தத் தேதியில், எந்த அலுவலகம், என்ன உத்தரவு போட்டது.
3. உத்தரவில் சொன்ன காரணம். அதே வார்த்தையில் எழுதணும்.
4. அந்தக் காரணம் ஏன் சரியில்லை. அதற்கு எந்தத் தாள் ஆதாரம்.
5. நான் கேட்பது என்ன. மறு மதிப்பீடா, உதவித்தொகை அனுமதியா, நின்றுபோன மாதங்களின் பாக்கியா.

நாலாவதுதான் உயிர். ஒரு உதாரணம். "ஆதரவு இருக்கிறது, மகன் உள்ளார்" என்று காரணம். அதற்கு "நான் ரொம்பக் கஷ்டப்படுறேன் ஐயா" என்பது பதில் இல்லை. "மகன் பெயர் என் குடும்ப அட்டையில் இல்லை. அவன் திருப்பூரில் தனிக் குடும்பம். அட்டை நகல் இணைப்பு 3" என்பதுதான் பதில். "நேரில் விசாரித்தபோது ஆள் இல்லை" என்று காரணம். "அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் உள்நோயாளி. டிஸ்சார்ஜ் சீட்டு இணைப்பு 4." முடிந்தது. அதிகாரி அந்தத் தாளைப் பார்த்தாலே கேள்வி தீர்ந்துவிடும்.

தாள்களைத் தேதி வாரியாக அடுக்குங்க. மேலே உத்தரவு, அடுத்து விண்ணப்பம், அப்புறம் மருத்துவச் சான்றுகள், கடைசியில் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் மூலையில் இணைப்பு 1, 2, 3 என்று எண் போடுங்க. இரண்டு செட் நகல். அசலைக் காட்டுங்க, கொடுத்துவிடாதீங்க. கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் எந்தத் தாளையும் ஒப்படைக்க வேண்டாம்.

கைப்பேசி எதற்கு, காகிதம் எதற்கு?

கைப்பேசி இந்த வேலையில் பெரிய உதவி. சுவாவலம்பன் தளத்தில் யு.டி.ஐ.டி. விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். அட்டை வந்திருந்தால் நிறத்தை வைத்தே தெரியும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். ஆதாரையும் யு.டி.ஐ.டி. அட்டையையும் டிஜிலாக்கரில் எடுத்து வைத்துக்கொண்டால் தொலைந்துபோகும் பயம் இல்லை.

தாள்களைப் படம் எடுக்கும்போது வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரியுற மாதிரி எடுங்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்க. விசாரணைத் தேதி குறுஞ்செய்தியாக வரலாம். விண்ணப்பத்தில் கொடுத்த எண் யாருடையது என்று இன்றைக்கே பாருங்க. இ-சேவை மையத்தில் பதிவு செய்தவரோட எண்ணையோ, வேலைக்குப் போன மகனோட எண்ணையோ கொடுத்திருந்தால் செய்தி உங்களுக்கு வராது. எண்ணை மாத்திக் கொடுங்க. ஓ.டி.பி. எண்ணை யார் போனில் கேட்டாலும் சொல்லாதீங்க. விசாரணைக்கு அது தேவையே இல்லை.

ஆனால் விசாரணை அறையில் போனை மட்டும் நம்பி நிற்காதீங்க. நம்ம மலையில் சிக்னல் எங்கே கிடைக்கும், எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சார்ஜ் போகும். காகிதம் கையில் இருக்கணும். காணொளியில் விசாரணை என்றால் முதல் நாளே சிக்னல் நிற்கிற இடமாகப் பார்த்து வைங்க. விசாரணையை அனுமதி இல்லாமல் பதிவு செய்யாதீங்க.

விசாரணை அறையில்

"நீதிபதி முன்னாடியா நிக்கணும்?" என்று பயப்படுறீங்க. கோட்டாட்சியர் நீதிபதி இல்லை, மாநில ஆணையரும் நீதிபதி இல்லை. ஆனால் ஆணையருக்குச் சட்டத்தின் 82-வது பிரிவு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள சில அதிகாரங்களைக் கொடுத்திருக்கு. சாட்சியை அழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், அலுவலகக் கோப்பை வரவழைக்கலாம், பிரமாணப் பத்திரத்தைச் சாட்சியமாக ஏற்கலாம். அந்தக் கோப்பு உங்களிடம் இல்லை, அலுவலகத்தில்தான் இருக்கு என்றால், "அதை வரவழைக்க வேண்டுகிறேன்" என்று நீங்களே எழுதிக் கேட்கலாம்.

பேசும்போது நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு குறுக்கே நிற்கும். பெரிய மனுஷங்க முன்னாடி குறையைச் சொல்லக் கூச்சம். "எப்படி இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டதும் "நல்லா இருக்கேங்க சாமி" என்று வாய் தானாகச் சொல்லிடும். அது மரியாதை. ஆனால் கோப்பில் அது வேறு மாதிரிப் பதிவாகலாம். சிலர் அதற்கு நேர் எதிராக, "எதுவுமே முடியாதுங்க, செத்த பொணம்தான்" என்பாங்க. அப்போ அதிகாரி, "நடந்துதானே உள்ளே வந்தீங்க?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இரண்டும் வேண்டாம். அளவோடு, நாளோடு சொல்லுங்க.

"நடக்க முடியுமா?" என்று கேட்டால்: "சமதரையில ஒரு பத்து நிமிஷம் நடப்பேன். அப்புறம் உட்காரணும். எங்க வீடு மேட்டுல இருக்கு, ஏறும்போது ரெண்டு மூணு தடவை உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவேன்."

"என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்டால்: "மிளகு பறிக்கப் போவேன். ஏணி வச்சு சில்வர் ஓக் மரத்துல ஏறணும். விழுந்ததுக்கு அப்புறம் இடது கை தோளுக்கு மேல தூக்க முடியலை. ஏணியைப் பிடிக்க முடியலை. இப்போ கீழ உதிர்ந்த மிளகு பொறுக்குறேன், காய வைக்கிறேன், அவ்வளவுதான்."

"பிள்ளை தானாக இருப்பானா?" என்று கேட்டால்: "சாப்பாட்டைப் பிசைஞ்சு ஊட்டணும். வெளிக்குப் போறதுக்குத் தூக்கிட்டுப் போகணும். ராத்திரி வலிப்பு வரும், போன மாசம் மூணு தடவை வந்துச்சு. அதனால நான் தனியா விட்டுட்டு எங்கேயும் போறதில்லை."

எவ்வளவு நேரம், எத்தனை தடவை, யார் உதவியோட. இந்த மூணையும் சொல்லிட்டீங்க என்றால் போதும். நல்ல நாளும் இருக்கும், மோசமான நாளும் இருக்கும். இரண்டையும் சொல்லுங்க. மாதத்தில் எத்தனை நாள் மோசம் என்று காலண்டரில் ஒரு மாதம் குறிச்சு வைங்க, அதையும் கொண்டு போங்க. தெரியாத கேள்விக்கு "தெரியலைங்க" என்று சொல்லலாம். புரியவில்லை என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்று கேட்கலாம். தப்பே இல்லை.

நீதிமன்றத்தையோ ஆணையத்தையோ பாகுபாடு இல்லாமல் அணுகுவது உங்கள் உரிமை என்று சட்டத்தின் 12-வது பிரிவு சொல்லுது. சைகைமொழி பெயர்ப்பாளர் வேணும், மாடி ஏற முடியாது, கூட ஒருத்தர் உட்காரணும் என்றால் முன்னாடியே எழுதிக் கொடுங்க. அன்றைக்குப் போய்ச் சொன்னால் தேதி தள்ளித்தான் போகும். மலையில் இருந்து வர முதல் பஸ்ஸே இத்தனை மணிக்குத்தான் என்றால், அதையும் எழுதி மதியம் நேரம் கேளுங்க. போக முடியாத நாளில் சும்மா இருக்காதீங்க. காரணம் எழுதி வேறு தேதி கேளுங்க. வராமலே இருந்தால் உங்கள் பேச்சைக் கேட்காமல் முடிவு செய்துவிடலாம்.

வக்கீல் வேண்டுமா?

கோட்டாட்சியர் முன்போ ஆணையர் முன்போ நீங்களே பேசலாம். ஆனால் துணை இருந்தால் நல்லது, அதற்குக் காசு தேவையில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகள், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இவங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மலையாளி பழங்குடிச் சான்று உள்ள நம்ம குடும்பங்களில் பலருக்கு இரண்டு மூன்று வகையில் தகுதி இருக்கு. நாமக்கல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

உண்மையிலேயே நீதிபதி முன்னால் நிற்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு: விபத்து இழப்பீடு. பஸ்ஸோ வேனோ மோதி ஊனம் ஆனவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கே வக்கீல் இருந்தாலும் சாட்சிக் கூண்டில் நீங்கள்தான் நிற்கணும், எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தது. சான்றில் உள்ள ஊன சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்றது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுசாகவே போகலாம். அவரே அலுவலக எழுத்தராக இருந்து வேலையும் நீடித்தால் அந்த அளவு இழப்பு இருக்காது. அதனால் அங்கே "இத்தனை சதவீதம்" என்று சான்றை நீட்டினால் மட்டும் போதாது. விபத்துக்கு முன் என்ன வேலை, எவ்வளவு கூலி, அந்த வேலைக்கு உடம்பின் எந்த உறுப்பு வேணும், இப்போ எது முடியலை என்று சொல்லணும். மலைக்காட்டு வேலைக்கும் மேசை வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிபதிக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

உத்தரவு வந்த பிறகு

தீர்ப்பு சாதகமோ பாதகமோ, நகல் வாங்காமல் மலை ஏறாதீங்க. அன்றைக்கே தரவில்லை என்றால் எப்போது, எப்படி வரும் என்று கேட்டுக் குறிச்சுக்கங்க.

சாதகம் என்றால், பணம் எந்த மாதத்தில் இருந்து, எந்த வங்கிக் கணக்குக்கு என்று பாருங்க. கணக்கு செயல்பாட்டில் இருக்கா, ஆதார் இணைச்சிருக்கா என்றும் பாருங்க. மாநில ஆணையர் ஒரு அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பினால், 81-வது பிரிவின்படி அந்த அலுவலகம் நடவடிக்கை எடுத்து மூணு மாதத்துக்குள் தெரிவிக்கணும். ஏற்கவில்லை என்றால் ஏன் ஏற்கவில்லை என்று ஆணையருக்கும் உங்களுக்கும் அதே மூணு மாதத்துக்குள் எழுதணும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைங்க. தாண்டினால் நினைவூட்டு மனு போடுங்க.

பாதகம் என்றால், மறுபடியும் காரணத்தைப் படியுங்க. இந்த முறை வேறு காரணமாக இருக்கலாம். சரிசெய்யக் கூடியதாக இருந்தால் சரிசெய்து புதிய விண்ணப்பம் போடலாம். சட்டத்துக்கு மாறாக மறுத்திருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி இருக்கு. அதற்கும் இலவச சட்ட உதவி கேட்கலாம். சில சமயம் எல்லாம் செய்தும் கிடைக்காமல் போகலாம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் காரணத்துக்குச் சரியான தாளோடு பதில் சொன்னவருடைய கோப்பு, அடுத்த அதிகாரி திறந்து பார்க்கும்போதும் பேசும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது மூணு. மறுப்பு உத்தரவைத் தேடி எடுங்க. அதில் உள்ள தேதிக்கும் காரணத்துக்கும் கீழே கோடு போடுங்க. விண்ணப்பத்தில் உள்ள போன் எண் உங்களோடதா என்று பாருங்க. பக்கத்து வீட்டில் நடக்க முடியாத பெரியவர் யாராவது இருந்தால், அவங்க உத்தரவையும் சேர்த்துப் படிச்சுச் சொல்லிட்டு வாங்க.